ஒலி யாருடையது?



இசை கற்பிக்கும் சர்வகலாசாலைகள் பலவற்றில் ஒலிப்பதிவுக் கருவிகளும் கம்ப்யூட்டர்களும் நிறைந்த ஒலிக்கூடம் இன்று ஓர் அங்கமாகிவிட்டது. அங்கே பேராசிரியர் உண்டு, இசையமைப்போர் உண்டு, மாணாக்கர் உண்டு. இவர்கள் வருமுன் வந்து, போனபின் போகும் ஒருவரும் உண்டு. அவரைத் தொழில்நுட்ப உதவியாளர் என்பர். மைக்கை உரிய இடத்தில் நிறுத்துவதும், அறுந்த ஒயரைப் பற்றவைப்பதும், இரைச்சல் எங்கிருந்து எழுகிறதெனச் செவியால் தேடிப் பிடிப்பதும், பதிவானது அழியாவண்ணம் பிரதியெடுத்து வைப்பதும் அவர் கடன். வேலை செம்மையாக நடந்தால் எவரும் அவரை நினையார். பழுது நேர்ந்தால் அனைவரும் அவரையே அழைப்பர். இசை வெளியாகும்போது அதில் யார் பெயர் இருத்தல் வேண்டும்? கேள்வி சிறிதெனத் தோன்றும். நம்மனோர்க்கு இது சிறிதன்று.

நியூயார்க் நகரத்துக் கொலம்பியா சர்வகலாசாலையை நாம் அறிவோம். 1913இல் நம் போதிசத்துவர் பாபாசாகேப் அம்பேத்கர் பயிலப் புகுந்த இடம். 1952 ஜூன் மாதத்தில் அவருக்குச் சட்டத்தில் டாக்டர் என்னும் கௌரவப் பட்டம் அளித்த இடம். அதே 1952இல், அதே சர்வகலாசாலையில், விளாதிமிர் உசாசெவ்ஸ்கி என்னும் ஆசிரியர் டேப் ரிக்கார்டரைக் கொண்டு ஒரு புதுவகை இசையை ஆக்கிக் காட்டினார். பியானோவின் ஒலியை நாடாவில் பிடித்து, வேகத்தைக் குறைத்தும் கூட்டியும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும் அவ்விசை பிறந்தது. பீட்டர் மௌஸி என்னும் இளம் பொறியாளர் அவருக்குத் துணைநின்று, ஒலியை மீண்டும் மீண்டும் எதிரொலிக்கச் செய்யும் கருவியொன்றை அமைத்துக் கொடுத்தார். 1959இல் ராக்பெல்லர் அறநிலையத்தின் 1,75,000 டாலர் கொடையைப் பெற்று அம்முயற்சி கொலம்பியா-பிரின்ஸ்டன் மின்னணு இசை நிலையமாக வளர்ந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட வால்வுகள் கொண்ட பெரும்பொறி ஒன்று அங்கே நின்றது.

அக்காலத்து ஒலிக்கூட நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடும். கால் நொடி ஒலி வேண்டின், மூன்றேமுக்கால் அங்குலத் துண்டை அளந்து பிளேடால் வெட்டி ஒட்டுதல் வேண்டும். ஆலையில் அறுந்த இழையைக் கையால் முடிந்த எமக்கு இவ்வேலையின் நுட்பம் விளங்குகிறது. முடிச்சுத் தெரியாமல் இருப்பதே நல்ல முடிச்சு. துணியின் மேல் ஆலையின் முத்திரை விழும். முடிந்த கையின் பெயர் விழாது.

மோக் சிந்தசைசர் என்னும் கருவியை ஆக்கிய ராபர்ட் மோக் கொலம்பியாவில் மௌஸியிடம் பயின்றவர். மோக்கின் பெயரைக் கருவியே சுமக்கிறது. மௌஸியின் பெயரையோ தேடிப் படிப்போரே அறிவர்.

இனி, பகவன் கூறிய உவமையைக் கேண்மின். சம்யுத்த நிகாயத்தில் ஓர் அரசன் கதை உண்டு. யாழொலி கேட்டறியாத அவன் அதன் இனிமையில் மயங்கி, அவ்வொலியைக் கொண்டுவரப் பணித்தான். யாழைக் கொணர்ந்தனர். யாழ் வேண்டா, ஒலியே வேண்டும் என்றான். பல உறுப்புகளும் மீட்டுவோன் முயற்சியும் கூடியே ஒலி பிறக்கும் என விளக்கினர். அவனோ யாழைப் பிளந்தான்; சிதைத்தான்; எரித்தான்; சாம்பலைக் காற்றில் தூற்றினான். ஒலி எங்கும் அகப்படவில்லை. தோலும் நரம்பும் தண்டும் விரலும் சார்ந்து எழுந்த ஒன்றுக்குத் தனியுடைமைக்காரன் ஏது?

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, "நான், எனது என்பதே இல்லையென்பது தம்மமாயின், உதவியாளன் தன் பெயரைக் கேட்பது மட்டும் அகங்காரமன்றோ?" என வினவலாம். கூர்மையான வினாவே. எம்மையும் பல நாள் உறுத்திய வினா. ஆயின் இவ்வினா யாரை நோக்கி எழுப்பப்படுகிறதென்று பாருங்கள். பெயர் இல்லாதவனிடமே வருகிறது. பெயர் முழுவதையும் எடுத்துக்கொண்டவனிடம் வருவதில்லை. அநாத்மத்தை ஏழைக்கு மட்டும் போதிப்பது தம்மமாகாது. முற்பிறவி வினையைச் சொல்லி நம் முன்னோர் வாயை அடைத்த பழைய தந்திரத்தின் மறுவடிவம் அது.

நம் மிருதங்கத்தையே எடுத்துக்கொள்வோம். பசுவின் தோலும் ஆட்டின் தோலும் இன்றி அது பேசாது. தோலைப் பதப்படுத்தி, இழுத்துக் கட்டி, நாதம் சேர்த்தோருள் பலர் ஒடுக்கப்பட்ட குலத்தார். இவர்களின் வரலாற்றை டி.எம்.கிருஷ்ணா 2020இல் ஒரு நூலாகவே எழுதினார். தோலைப் பதப்படுத்தியவன் தீண்டத்தகாதவன். அதே தோலைத் தட்டியவன் வித்துவான்! தோல் ஒன்றே, சாதி இடையில் எங்கிருந்து புகுந்தது?

ஆதலின் எம் முடிவு இதுவாகும். ஈயப்படாததை எடுத்தல் கூடாதென்பது இரண்டாம் சீலம். பொருளுக்கு மட்டுமன்றி உழைப்பின் பேறான நன்மதிப்புக்கும் அது பொருந்தும். பிறர் கைவேலையைத் தன் பெயரால் வெளியிடுவோன் ஈயப்படாததை எடுத்தவனே. கொடுக்க வேண்டியவன் கேளாமலே கொடுத்தல் வேண்டும்; அவன் கொடாதபோது உதவியாளன் கேட்பது நியாயமேயன்றி ஆசையன்று. பெயர் கிட்டிய பின்னும் அதையே பற்றித் திரிவானாயின், அப்போது அவனுக்கும் அநாத்மத்தை ஓதுவோம். அவனும் தன் அறையைக் கூட்டிச் சுத்தம் செய்யும் அம்மையாரை மறவாதிருத்தல் வேண்டும். தூசி படிந்த கருவி நெடுநாள் உழைக்காதன்றோ?

பிறரைச் சொல்லுமுன் நம்மைப் பார்ப்போம். வைசாகப் பௌர்ணமி விழாவில் சொற்பொழிவாளருக்கு மாலையிட்டு நன்றி கூறுகிறோம். விடியலில் வந்து ஒலிபெருக்கி கட்டிய தம்பியின் பெயரைக் கேட்டோமா? எம் சொற்பொழிவு கடைசி வரிசைக்குச் சென்றது அவன் கையால். பல்லாண்டு பேசிய நாமும் கேட்டதில்லை. அக்குற்றத்தை இங்கே ஒப்புக்கொள்கிறோம். அடுத்த பௌர்ணமியன்று மேடையில் முதற்கண் அவன் பெயரைச் சொல்வோம்.

பவது சப்ப மங்களம்.