கலப்பினக் குட்டியும் சற்காரிய வாதமும்

தாய் இன்ன இனம் என்று தெரிந்தும் தந்தை யாரென்று தெரியாத ஒரு நாய்க்குட்டி வளர்ந்து எவ்வளவு பெரிதாகும் என்ற கேள்வி, வீட்டில் இடம் போதுமா, தீனிச் செலவு கட்டுப்படியாகுமா என்ற கவலையில் பிறப்பதாயினும், இந்திய மெய்யியலார் பல நூற்றாண்டுகள் வழக்காடிய வினா ஒன்று அதனுள் அடங்கியிருக்கிறது. கேட்பவர், குட்டியின் நாளைய அளவு இன்றே அதனுள் எங்கோ இருப்பதாகவும், விவரம் தெரிந்தவர் எவரேனும் அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றும் கருதியே கேட்கிறார். தோன்றப்போகும் காரியம் தோன்றுமுன்பே தன் காரணத்தில் உள்ளது என்னும் இக்கொள்கைக்குச் சற்காரிய வாதம் என்று பெயர். சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் இதனைக் கொண்டனர். காரியம் முன்பு இல்லாதது, புதிதாகவே தோன்றுவது என்பது அசற்காரிய வாதம். இது நியாய, வைசேடிகர்களின் கொள்கை. ஒரு பொருள் தோன்றுவதற்கு முன் அதற்கு இருந்த இன்மையை இவர்கள் பிராகபாவம், அதாவது முன்னின்மை, என்று தனியாகவே பெயரிட்டு எண்ணினர்.

சாங்கிய காரிகையை இயற்றிய ஈசுவர கிருஷ்ணர் தம் கொள்கைக்கு ஐந்து ஏதுக்கள் காட்டுகிறார். அவற்றுள் மூன்று இங்கே நேராகப் பொருந்துவன. எதிலிருந்தும் எதுவும் தோன்றிவிடாது என்பது ஒன்று. எண்ணெய் வேண்டுபவன் எள்ளைத்தான் தேடுவான், மணலை ஆட்டமாட்டான். ஆற்றலுடைய காரணம் தன் ஆற்றலுக்கு உட்பட்டதையே ஆக்கும் என்பது மற்றொன்று. காரியம் காரணத்தின் இயல்பே உடையதாதலின் அதனின் வேறன்று என்பது மூன்றாவது. இவற்றுக்கு நியாயவாதி எழுப்பும் தடை எளியது, ஆனால் கூரியது. 30 கிலோ எடையுள்ள நாய் குட்டிக்குள் ஏற்கெனவே இருக்கிறதென்றால், மாதக்கணக்கில் அதற்குச் சோறிடுவது எதற்கு? உள்ளதை வெளிப்படுத்துவதற்கே என்று சாங்கியர் விடை கூறுவர். அந்த வெளிப்பாடு முன்பே இருந்ததா, இல்லையா என்று நியாயவாதி மறுபடியும் மடக்குவார். இருந்ததெனின் முதல் தடையே திரும்பி வரும், இல்லையெனின் இல்லாதது ஒன்று தோன்றியதைச் சாங்கியரே ஒப்புக்கொண்டதாகும்.

ஐரோப்பாவிலும் இதையொத்த வழக்கு ஒன்று நடந்தது. 17ஆம் நூற்றாண்டில், முழு உயிரும் நுண்ணிய வடிவில் முன்கூட்டியே அமைந்து கருவில் காத்திருக்கிறது, வளர்ச்சி என்பது அதன் பெருக்கமே என்று அறிஞர் பலர் நம்பினர். அது முட்டையில் இருக்கிறது என்றனர் சிலர். விந்தில் இருக்கிறது என்றனர் வேறு சிலர். இக்கொள்கைக்கு விழுந்த பலத்த அடிகளுள் ஒன்று கலப்பினத்திலிருந்தே வந்தது. உரு முழுவதும் தாயின் முட்டையில் அமைந்திருந்தால் பிள்ளை தந்தையின் சாயலை எங்கிருந்து பெறுகிறது என்று 1745இல் வெளிவந்த தம் நூலில் பிரெஞ்சு அறிஞர் மொப்பெர்த்துயி வாதிட்டார். கழுதைக்கும் குதிரைக்கும் பிறந்த கோவேறு கழுதையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, ஒருவரிடம் மட்டுமே முழு உரு இருந்தது என்று சாதிப்பது எளிதன்று.

இன்றைய மரபியல் இவ்வழக்கில் எவர் பக்கம் நிற்கிறது என்பது முதல் பார்வையில் தெளிவாகத் தோன்றும். மனிதனின் உயரத்தோடு ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகள் தொடர்புடையனவாக இருக்க, நாய்களின் உடலளவு வேறுபாட்டில் பெரும்பங்கை இருபதுக்குச் சற்று மேற்பட்ட மரபணுக்களே விளக்கிவிடுகின்றன. அவற்றுள் தலையாயது, இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி 1 என்னும் புரதத்தை ஆக்கும் மரபணு. சிறிய நாயினங்களில் அதன் ஒரு குறிப்பிட்ட வடிவம் பரவலாகக் காணப்படுவதை எலைன் ஆஸ்ட்ராண்டர் குழுவினர் 2007இல் வெளியிட்டனர். ஆயினும் இதைவிட மெய்யியலாருக்கு உகந்த செய்தி 2022இல் வந்தது. அம்மரபணுவின் வேலையைக் கூட்டிக் குறைக்கும் பகுதியில் அமைந்த ஒரு வேறுபாட்டை ஆராய்ந்தபோது, உடலைச் சிறிதாக்கும் வடிவம் மனிதன் மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக உண்டாக்கியதன்று என்பதும், சைபீரியாவில் சுமார் 54,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் ஓநாயிடமே அது இருந்தது என்பதும், நரி முதலிய உறவினங்களிலும் அது உண்டு என்பதும் தெரியவந்தன. நாய் என்ற வளர்ப்பு விலங்கே தோன்றாத காலத்தில் சிறு நாய்க்கான காரணம் காத்திருந்தது என்று சாங்கியர் மகிழலாம். ஆனால் அந்த ஓநாய்க்குள் 2 கிலோ எடையுள்ள சிவாவா ஒன்று ஒளிந்திருந்தது என்று எவரும் சொல்லத் துணியமாட்டார். வேறு பல மரபணுக்கள் உடன் சேர்ந்து, மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இணைசேர்த்த பின்பே அச்சிறுமை தோன்றியது. ஆற்றலைப் பற்றிய சாங்கியரின் ஏது நிலைக்கிறது. காரியமும் காரணமும் வேறல்ல என்ற ஏது விழுகிறது.

கலப்பினக் குட்டியைப் பற்றிய அறியாமை ஒரே வகையினது அன்று. மூன்று வகை அறியாமைகள் அங்கே கலந்து நிற்கின்றன. தந்தை யார் என்பது முதல் வகை. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள்ளேயே தந்தையர் வேறுபடக்கூடும், ஏனெனில் பெட்டை ஒரே பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கடுவன்களோடு சேர்ந்து கருவுற இயலும். பெற்றோரின் மரபணுக்களுள் எவையெவை இக்குட்டிக்கு வந்தன என்பது இரண்டாம் வகை. தூய இனங்கள் இரண்டின் முதல் கலப்பில் பிறப்பவை பெரும்பாலும் அளவில் ஒத்திருக்க, அக்கலப்புகள் தம்முள் மீண்டும் கலந்து ஈனும் குட்டிகள் தாறுமாறாக வேறுபடும். இவ்விரண்டும் கருவுற்ற கணத்திலேயே முடிந்துபோனவை. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரியைக் கொண்டு மரபணுச் சோதனை அவற்றைப் பெருமளவு வெளிப்படுத்திவிடும். மூன்றாம் வகை இனி நடக்கப்போவது: குடற்புழு தின்றதுபோக எஞ்சும் ஊட்டம், வரும் நோய், கருத்தடை செய்யும் வயது. நீண்ட எலும்புகளின் முனைகளில் உள்ள வளர்தட்டுகள், அதாவது புதிய எலும்பு உண்டாகும் குருத்தெலும்புப் பகுதிகள், பால் இயக்குநீர்களின் தூண்டலால் மூடிக்கொள்கின்றன; அவை மூடுமுன் கருத்தடை செய்யப்பட்ட நாயின் கால்கள் சற்றே கூடுதலாக நீள்கின்றன. சைவ சித்தாந்தம் குடத்துக்கு மண்ணை முதற்காரணம், தண்டசக்கரத்தைத் துணைக்காரணம், குயவனை நிமித்த காரணம் என்று பிரித்தது இங்கே பயன்படுகிறது. மண் முழுவதையும் அறிந்தவரும், சக்கரம் சுழலுமுன் குடத்தின் வாய் எத்தனை அங்குலம் என்று சொல்ல இயலாது. எல்லாம் முன்பே வகுத்தளக்கப்பட்டவை என்ற ஆசீவகர் மட்டுமே இந்த மூன்றாம் வகையையும் வெறும் அறியாமை என்று தள்ளியிருப்பர். அவர்கள் கொள்கைப்படி கால்நடை மருத்துவருக்கு வேலையே இல்லை.

முன்னறிவிப்பு அனுமானத்தின்பாற் படும். மணிமேகலை, சமயக் கணக்கர் திறம் கூறுமிடத்தில், அனுமானத்தைப் பொது, எச்சம், முதல் என்று மூன்றாக்குகிறது. கருமேகம் கண்டு மழையைக் கருதுவது முதல், காரணத்திலிருந்து காரியத்துக்குச் செல்வது. நடுத்தர அளவுள்ள குட்டியின் பதினாறாவது வார எடையை இரட்டித்து வளர்ந்த நாயின் எடையைச் சொல்லும் வழக்கம் ஏறத்தாழ இவ்வகையினது. பாதம் பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பெரிய நாயாகும் என்று சொல்வது வேறு. குட்டியின் முன்னங்காலைக் கையில் ஏந்தி மணிக்கட்டுக்குச் சற்று மேலே விரலால் தடவினால் புடைப்பு ஒன்று தட்டுப்படும். வளர்தட்டு இன்னும் மூடவில்லை என்பதற்கு அது அறிகுறி, எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு அன்று. பாதத்தின் பருமனோ காரணமும் அன்று, காரியமும் அன்று. உடலளவோடு கூடவே வரும் இன்னொரு விளைவு. மேகமே சில வேளை பொய்க்கும்போது, பெரிய பாதம் கொண்டு பெரிய நாயாகாத குட்டிகள் உண்டு என்பதில் வியப்பில்லை. இதனை அனைகாந்திகம், ஒரு பக்கம் நில்லாது பிறழும் ஏது, என்று தருக்க நூலார் குறையாகவே கூறுவர்.

எனவே வளர்ச்சி முடியாத குட்டியைக் குறித்து '22 கிலோ வரும்' என்று ஒற்றை எண் சொல்பவர், இன்னும் தோன்றாத ஒன்றை இருப்பதாகச் சொல்கிறார். '15 முதல் 25 வரை' என்பவரே இருப்பதைச் சொல்கிறார், ஏனெனில் அன்று அக்குட்டியில் உள்ளது எல்லைக்கு உட்பட்ட ஆற்றல் மட்டுமே. அளவைப் பொறுத்தவரை நியாயவாதி சரி, எல்லையைப் பொறுத்தவரை சாங்கியர் சரி. சிறிய நாய்களுக்கு 8 முதல் 12 மாதத்திலும், மிகப் பெரியவற்றுக்கு 18 முதல் 24 மாதத்திலும் வளர்ச்சி நிறைவுறுகிறது. அதுவரை, கலப்பினக் குட்டியை ஏற்பவர்கள் சொல்லப்பட்ட எல்லையின் மேல் எண்ணை வைத்தே இடத்தையும் செலவையும் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.