சடையில் தங்கிய கங்கை



பகீரதன் கதையைச் சமய வகுப்பில் எல்லோரும் கேட்டிருப்பீங்க. கபில முனிவரின் கோபத்தில் சாம்பலாகிப்போன சகரனின் அறுபதினாயிரம் பிள்ளைகள் கரையேற வேண்டும் என்று பகீரதன் தவம் இருந்தான். கங்கை இறங்கி வரச் சம்மதித்தாள். ஆனால் அவள் விழும் வேகத்தைப் பூமி தாங்காது. பகீரதன் சிவபெருமானிடம் போய் நின்றான். பெருமான் தம் தலையைக் காட்டினார். ஆரவாரத்தோடு விழுந்த கங்கை, சடைக்குள் போனவள் போனவள்தான். வெளியே வர வழி தெரியாமல் வெகுகாலம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தாள்.

வகுப்பில் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுகிறோம். கங்கையின் கர்வம் அடங்கியது என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போயிடுறோம். வால்மீகி நிறுத்தவில்லை. பகீரதன் மறுபடியும் தவம் செய்ய, பெருமான் கங்கையைப் பிந்துசரஸ் என்ற ஏரியில் இறக்கிவிடுகிறார். அங்கிருந்து அவள் ஏழு கிளையாகப் பிரிகிறாள். மூன்று கிழக்கே, மூன்று மேற்கே. ஏழாவது கிளைதான் பகீரதனின் தேருக்குப் பின்னால் வந்தது.

கவனிச்சுப் பாருங்க. பெருமான் தண்ணீரை வராதே என்று தடுக்கவில்லை. வந்த வேகத்திலேயே கடலுக்கு விரட்டவும் இல்லை. சடையில் தங்க வைத்தார், ஏரியில் இறக்கினார், பிறகு பிரித்து அனுப்பினார்.

பூமியில் உள்ள ஆறுகளுக்கும் சடை உண்டு. வளைவு, நாணல், மரத்தின் வேர், கரையோரச் சேறு, மழைக்காலத்தில் ஆறு இருபக்கமும் பரவி இளைப்பாறும் தாழ்வான நிலம், இவைதான் அது. பெரியவர்கள் ஆடிப்பெருக்கு கொண்டாடினார்களே, எதற்கு? ஆறு பெருகுவதற்குத்தான். பெருகுகிற ஆற்றைக் கண்டு பயப்படாமல் பூவும் மஞ்சளும் கொண்டுபோனார்கள் என்றால், அதற்கு இடம் விட்டு வாழ்ந்தார்கள் என்று அர்த்தம். நாமோ அந்தச் சடையை மழித்து சிமெண்டு பூசிவிட்டோம். இப்போது அதற்கு நம்ம ஊரில் பெயர் லோங்காங்.

சிமெண்டு போட்டால்தானே தண்ணீர் சீக்கிரம் வடியும் என்று கேட்பீங்க. வடியும். வடிந்து எங்கே போகும்?

பத்துமலைக்கு வாங்க. தைப்பூசத்தில் காவடி எடுப்பதற்கு முன் நீராடுகிறோமே, அந்தப் பத்து ஆறு கோம்பாக் ஆற்றில் சேர்கிறது. கோம்பாக் ஆறு மஸ்ஜிட் ஜாமெக் பக்கத்தில் கிள்ளான் ஆற்றோடு கலக்கிறது. கிள்ளான் ஆறு ஷா ஆலம் வழியாகக் கடலுக்குப் போகிறது. போகும் வழியில், ஆற்றை ஒட்டிய தாழ்வான நிலத்தில் தாமான் ஸ்ரீ மூடா. 2021 டிசம்பரில் அங்கே நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மாடியிலும் கூரையிலும் ஏறிப் படகுக்காகக் காத்திருந்த குடும்பங்களில் நம்மவர்கள் எத்தனை பேர்! அன்று பெய்தது சாதாரண மழை இல்லை; லோங்காங்தான் காரணம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட மாட்டேன். ஆனால் மேலே தங்க இடம் இல்லாத தண்ணீர் எல்லாம் ஒரே நேரத்தில் கீழே இருப்பவன் வீட்டு வாசலுக்குத்தான் வரும். நாம் தீர்த்தம் என்று தலையில் தெளித்துக்கொள்வதும் அதே தண்ணீர்தான்.

மழித்த சடை திரும்ப வளருமா? சிங்கப்பூரில் வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். பீஷான்–அங் மோ கியோ பூங்கா ஓரமாகக் காலாங் ஆறு 2.7 கிலோமீட்டருக்கு நேர்க்கோடாக ஒரு சிமெண்டுக் கால்வாயில் ஓடிக்கொண்டிருந்தது. அதை உடைத்து, பூங்காவுக்குள்ளேயே வளைந்து நெளிந்து ஓட விட்டார்கள். 2012-இல் திறந்தபோது அது 3.2 கிலோமீட்டர் ஆறாக இருந்தது. அதே நிலம்தான், ஆறு மட்டும் நீண்டுவிட்டது. சடையில் சுற்றுகிற கங்கைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. கரையைப் பிடித்து நிறுத்துவது கல்லும் செடிகளின் வேரும். எந்த முறை நிற்கும் என்று முதலில் பூங்காவில் ஒரு சின்னக் கால்வாயில் பத்து விதமாகச் செய்து பார்த்துவிட்டுத்தான் ஆற்றில் கை வைத்தார்கள். உடைத்த சிமெண்டையும் தூக்கி எறியாமல், பூங்காவிலேயே ஒரு சின்னக் குன்றாகக் குவித்துவிட்டார்கள்.

மற்ற நாளில் பிள்ளைகள் இறங்கிக் காலை நனைக்கலாம். பெருமழை வந்தால் எச்சரிக்கை ஒலிக்கும், எல்லோரும் மேட்டுக்கு ஏறிவிடுவார்கள். ஆறு புல்வெளி மேல் ஏறி ஏறக்குறைய 100 மீட்டர் அகலத்துக்குப் பரவும்; பிறகு மெல்ல வடியும். புல்வெளிக்கு ஒன்றும் ஆகாது. வீடு என்றால் ஆகும். தும்பியும் கொக்கும் யாரும் கொண்டுவந்து விடாமல் தானாக வந்தன. 2014-இல் நீர்நாய்க் குடும்பம் ஒன்று வந்து குட்டிகளோடு மீன் பிடித்தது. சிங்கப்பூரில் ஒரு காலத்தில் இல்லாமலே போயிருந்த உயிர் அது.

எல்லா இடத்திலும் இதைச் செய்ய முடியாது. அங்கே பக்கத்திலேயே பெரிய பூங்கா இருந்தது. ஸ்ரீ மூடாவில் இருப்பவர்களை எழுந்து போங்கள் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. அதனால் இன்னும் மண்ணாக இருக்கிற ஆற்றோர நிலத்தையாவது விட்டுவைக்க வேண்டும். அப்படிப்பட்ட நிலம் நம் கையிலும் இருக்கிறது. ஆற்றையோ ஓடையையோ ஒட்டி நிற்கிற கோயில்கள் நம் நாட்டில் எத்தனை! மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று மூன்றையும் சேர்த்தே சொல்வது நம் மரபு. ஆனால் திருப்பணி என்று வந்தால் கோபுரத்துக்கு வர்ணம், வளாகம் முழுவதும் சிமெண்டுத் தரை, கரை வரைக்கும் கார் நிறுத்துமிடம். தீர்த்தத்துக்குக் கிடைப்பது பழைய சாமி படமும் வாடின மாலையும் பிளாஸ்டிக் பையும். ஆற்றில் விட்டால் புண்ணியம் என்று கண்ணாடிச் சட்டத்தோடு படத்தை வீசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

உங்கள் கோயில் ஆற்றங்கரையில் இருந்தால், ஒரு மழை நாளில் குடையோடு போய் வளாகத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்க. அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து, கரையோரத்தைப் புல்லாகவும் மரமாகவும் விடலாமா என்று மரியாதையாகக் கேளுங்க. கார் எங்கே நிறுத்துவது என்று தலைவர் கேட்பார். கேட்கட்டும், நியாயமான கேள்விதான். தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வரலாம் என்று இளைஞர்கள் நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும். செலவு எவ்வளவு என்று பொருளாளர் கேட்டால் தயங்காதீங்க. சிமெண்டை விடப் புல் மலிவுதான்.