நிழலும் பலமும்

1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் உருவாக்கிய ‘மேஜிக்: தி கேதரிங்’ சீட்டாட்டத்தின் விதிகள் என்னை யோசிக்க வைக்கின்றன.

‘குளோரியஸ் ஆந்தம்’ என்னும் சீட்டு மேசைமேல் இருக்கும்வரை, அதை வைத்தவரின் படையிலுள்ள ஒவ்வோர் உயிருக்கும் பலம் ஒரு புள்ளி கூடும். இரண்டு புள்ளி அடியில் சாகவேண்டிய உயிர் அதன் தயவால் பிழைத்து நிற்கும். அதே முறை முடியுமுன் அந்தச் சீட்டு அழிந்தால், அக்கணமே உயிரும் போகும். ‘ஜயன்ட் குரோத்’ வேறு வகை. பயன்பட்டவுடன் சீட்டு ஒதுக்கப்பட்டுவிடும். அது தந்த மூன்று புள்ளி அந்த முறை முடியும்வரை நிற்கும். இன்னும் சில சீட்டுகள் உயிரின் மேலேயே ஒரு வில்லையை வைக்கின்றன. கொடுத்த சீட்டு ஒழிந்தாலும் வில்லை இருக்கும்.

நாம் செய்யும் உதவி இவற்றில் எந்த வகை? “நான் இருக்கும்வரை உனக்கென்ன குறை?” என்னும் தந்தையின் அன்பை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் அது நிழல். பசித்தவனுக்கு இட்ட சோறு ஒரு நாள் தாங்கும். கற்றுக்கொடுத்த தொழிலோ அவனோடேயே இருக்கும். ஒருவன் நம்மை அண்டி நிற்பதில் நமக்கு ஓர் இரகசிய இன்பம் உண்டு. அதற்காகவே பலர் நிழலாக நின்றுவிடுகிறோம். நாம் அகன்ற பிறகு அவன் நிமிர்ந்து நிற்பானா என்று கேட்டுக்கொள்ள வேண்டாமா?