உத்தரவு வராதபோது

ஆடி பதினெட்டுக்கு ஒகேனக்கல் வருகிறவர்கள் எல்லோரும் அருவியில் குளிக்க மட்டும் வருவதில்லை. சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து குலதெய்வச் சிலைகளையும் வேல், சூலங்களையும் மேளத்தோடு கொண்டுவந்து காவிரியில் நீராட்டுகிறார்கள். அப்படிச் சாமி அழைக்கும் நேரத்தில் வாக்குக் கேட்பவர்களும் உண்டு. மகளுக்கு இந்த வரனை முடிக்கலாமா, வீட்டு வேலையை ஆரம்பிக்கலாமா, பங்காளி மேல் போட்ட வழக்கை விட்டுவிடலாமா என்று கேட்பார்கள். சாமி வந்தவர் விபூதி கொடுத்து ஒரு சொல் சொன்னால் அது உத்தரவு. ஒன்றும் சொல்லாமல் சாமி மலையேறிவிட்டால் என்ன செய்வது?

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வந்த உத்தரவுகளின் கதைதான் ஊர் ஊராகப் பரவுகிறது. காங்கயம் அருகே சிவன்மலையில், பக்தரின் கனவில் முருகன் சொன்னதாக நம்பப்படும் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூசை செய்கிறார்கள். அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பது செய்தித்தாளில் வருகிறது. வேண்டி வேண்டிக் கனவே வராமல் வீடு திரும்பியவர்களைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை. அவர்கள்தான் அதிகம்.

கிடா வெட்டும் கோயில்களில் ஆட்டுக்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்துக் காத்திருப்பார்கள். ஆடு உடம்பை உதறித் துளுக்கினால் சாமி ஒப்புக்கொண்டதாக அர்த்தம். காசு கொடுத்து வாங்கி, உறவுக்கெல்லாம் சொல்லி, அடுப்பு மூட்டத் தயாரான பிறகும், வேண்டாம் என்று சாமி சொல்வதற்கு இடம் விட்டு வைத்த வழக்கம் அது. அந்த வழக்கத்தின் அறமே அந்த இடத்தில்தான் இருக்கிறது. துளுக்காத ஆட்டின் மேல் இன்னொரு சொம்பு, காதுக்குள் கொஞ்சம், முதுகில் மறுபடியும் என்று ஊற்றிக்கொண்டே போனால் அந்த இடம் அடைபட்டுவிடுகிறது. மறுப்பு வரவே முடியாதபடி கேட்பது, கேட்பதே ஆகாது. பூக்கட்டிப் பார்க்கும்போது நினைத்த நிறம் வரும்வரை குழந்தையை மறுபடி மறுபடி பொட்டலம் எடுக்கச் சொல்கிற வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. முடிவை முன்பே எடுத்துவிட்டுச் சாமியைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. உத்தரவு வரவில்லை என்றால் 'ஏதோ குத்தம் இருக்கு' என்று தேடத் தொடங்குவார்கள். அந்தத் தேடல் வீட்டுப் பெரியவரிடம் போய் நிற்பது அபூர்வம். புது மருமகள் தீட்டோடு படியேறினாளா, புருஷனை இழந்த அத்தை எதிரே வந்தாளா என்றுதான் போகும். சாமி வாய் திறக்காத இடத்தில் மனிதர்கள் புகுந்து தங்கள் வெறுப்பைப் பேசுகிறார்கள். எதிர்த்துப் பேச முடியாதவள்மேல் தெய்வத்தின் பெயரால் பழி விழுகிறது. எந்தப் பக்தியும் இதை நியாயப்படுத்தாது.

பதில் வராமல் தவித்தவர்களில் பெரிய அடியார்களும் இருக்கிறார்கள். திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாருக்குப் பிரியேன் என்று செய்துகொடுத்த சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண் போயிற்று. திருவெண்பாக்கத்தில் நின்று, கோயிலில் இருக்கிறீரா என்று இறைவனையே கேட்டார். வந்ததோ அன்னியருக்குச் சொல்வதுபோல ஒட்டாத ஒரு பதிலும், ஊன்றுகோலும். பார்வை வரவில்லை. சுந்தரர் தன் குறையை இறைவனிடமே பாடித் தீர்த்தார். பழியை வேறு யார்மேலும் போடவில்லை. அந்தக் கோலை ஊன்றி நடந்தார். காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் கிடைத்தன என்கிறது பெரியபுராணம். நடுவில் இருந்த வழி முழுவதையும் அவர் அரைகுறை அருளோடுதான் கடந்தார்.

அன்னை தெரசா டார்ஜிலிங் போகும் ரயிலில் தனக்கு அழைப்பு வந்ததாகச் சொன்னது 1946 செப்டம்பர் 10-ல். பிறகு பல பத்தாண்டுகள் உள்ளே ஒரே இருட்டாக இருந்தது என்பதை 2007-ல் வெளியான அவருடைய கடிதங்கள் காட்டின. அப்படியானால் வெளியே காட்டிய பக்தி வேஷமா என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமற்றது. சாகக் கிடப்பவருக்குத் தண்ணீர் கொடுக்க இன்னொரு அழைப்பு வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

செய்ய வேண்டியது ஏற்கெனவே தெரிந்திருக்கும்போது அடையாளம் கேட்பது பல நேரம் தட்டிக்கழிப்பாகிவிடுகிறது. ஒகேனக்கல்லுக்கு வரும் நீரை மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளந்து சொல்கிறது. 2024 ஆடியில் நீர்வரத்து வினாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியபோது குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை இருந்தது. அப்படிப்பட்ட நாளில் ஆற்றில் இறங்கலாமா என்று பல்லிச் சத்தத்துக்குக் காது கொடுப்பது பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவது.

வரன் விஷயமும் அப்படித்தான். மாப்பிள்ளை குடிக்கிறாரா, கடனில் இருக்கிறாரா என்பது அவர் ஊரில் விசாரித்தால் தெரியும். இத்தனையும் தெரிந்த பிறகும் மனம் தடுமாறினால் சாமி முன் நிற்கலாம், அதில் தவறில்லை. பதில் வராவிட்டால் முடிவு உங்களிடமே விடப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பலனுக்கும் நீங்களே பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். பூக்கட்டுவதற்கு முன்னால், கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் கேளுங்கள். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பூவே கட்ட வேண்டாம்.