கீழூரில் எட்டுப் பேர்

நான் இருக்கும் பெரிய முதலியார்சாவடியிலிருந்து தெற்கே நடந்தால், கோட்டக்குப்பம் தாண்டியதும், 1954 வரைக்கும் பிரான்ஸ். வடக்கே மரக்காணம் உப்பளங்களைப் பார்க்கப் போனாலும் வழியில் காலாப்பட்டில் மறுபடி ஒரு துண்டு பிரான்ஸ். நடுவில் நாங்கள் மெட்ராஸ் ராஜதானி. இந்தக் கோடுகளைப் போட்டவர்கள் இங்கிருந்தவர்களை எதுவும் கேட்கவில்லை. 1815-ல் லண்டனில் கையெழுத்தான ஓர் உடன்படிக்கையில், பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பு வியாபார உரிமை ஆண்டுக்கு நாலு லட்சம் ரூபாய்க்கு பிரிட்டிஷாரிடம் போய்ச் சேர்ந்தது. உப்பு வாரியவனின் அபிப்பிராயம் அதில் ஒரு விஷயமாகவே இருந்திருக்காது. கேட்பது என்ற வழக்கமே அப்போது இல்லை.

கேட்டாக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்த பிறகு நடந்ததுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. 1946-ம் வருஷத்து பிரெஞ்சு அரசியல் சட்டத்தின் 27-வது ஷரத்து, சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதம் இல்லாமல் எந்தப் பிரதேசத்தையும் விட்டுக்கொடுப்பது செல்லாது என்றது. அதன்படி சந்திரநாகூரில் 1949 ஜூனில் மக்களை நேராகவே கேட்டார்கள். 7,473 பேர் இந்தியாவோடு என்றார்கள், 114 பேர் வேண்டாம் என்றார்கள். புதுச்சேரியில் அப்படி நடக்கவில்லை. சுங்க ஒப்பந்தம் முறிந்து, எல்லையில் சாவடிகள் முளைத்து, 1954-ல் பர்மிட் கெடுபிடியும் சேர்ந்துகொண்டது. அதுவரை பிரெஞ்சுப் பக்கம் நின்ற எதுவார் குபேர், அந்த வருஷம் மார்ச்சில், வாக்கெடுப்பே வேண்டாம், இணைத்துவிடலாம் என்று பக்கம் மாறினார். அக்டோபர் 18 அன்று கீழூரில், புதுச்சேரி, காரைக்காலைச் சேர்ந்த சட்டசபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களுமாக 178 பேர் வாக்களித்தார்கள். இணைப்புக்கு 170. எதிர்த்து 8. நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் கைமாறியது. ஒப்பந்தம் 1956-ல், அது சட்டப்படி அமலானது 1962 ஆகஸ்ட் 16-ல்.

ஆக, ‘மக்களின் சம்மதம்’ என்று சட்டம் கேட்டதற்கு 178 பேரின் வாக்கு பதிலாக வைக்கப்பட்டது.

இதைப் பற்றி நண்பர் ஒருவரிடம், கவிஞர், பேசிக்கொண்டிருந்தேன். “முடிவு சரிதானே? எல்லாரையும் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். முறையைப் பற்றி குமாஸ்தாக்கள் கவலைப்படட்டும்” என்றார். முடிவு சரி என்பதில் எனக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் ஒரு வரியை எங்கே உடைப்பது என்று ராத்திரி பூராவும் வாதாடக்கூடியவர், ‘அர்த்தம் அதேதானே’ என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விடக்கூடியவர், ஒரு ஜனசமூகம் தன் அரசைத் தேர்ந்துகொள்கிற விஷயத்தில் மட்டும் உருவம் குமாஸ்தா சமாசாரம் என்று சொல்வது விசித்திரமாக இருந்தது. அவரிடமே சொன்னேன். சிரித்தார்.

நண்பர் கட்சிக்கு ஒரு பலமான வாதம் உண்டு. அவர் அதைச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். எல்லாத் தொடக்கங்களும் முறைகேடானவைதான். அமெரிக்கர்கள் வேத வாக்காகப் போற்றும் அரசியல் சட்டத்தைப் பாருங்கள். அதற்கு முன்பிருந்த கூட்டமைப்பு விதிகளை மாற்ற 13 ராஜ்யங்களும் ஒப்ப வேண்டும் என்றிருந்தது. 1787-ல் பிலடெல்ஃபியாவில் கூடியவர்கள், ஒன்பது ஒப்பினால் போதும் என்று தாங்களாகவே எழுதிக்கொண்டார்கள். எழுதியதன் முதல் வார்த்தைகளோ ‘மக்களாகிய நாங்கள்’. கடலோரத்து ரோட் ஐலண்ட் 1788 மார்ச்சில் ஜனங்களை நேராகவே கேட்டுப் பார்த்தது. ஆதரவாளர்களில் பலர் புறக்கணித்த அந்த வாக்கெடுப்பில் 2,700 பேருக்கு மேல் வேண்டாம் என்றார்கள். வேண்டும் என்றவர்கள் 300-ஐ எட்டவில்லை. 1790 மே மாதம் அந்த ராஜ்யத்தோடு வியாபாரத்தையே தடுக்கும் மசோதாவை செனட் நிறைவேற்றியது. அதே மாதக் கடைசியில் ரோட் ஐலண்டின் பிரதிநிதிகள் சபை 34-க்கு 32 என்ற கணக்கில் சம்மதித்தது. சின்ன பிரதேசம், சுற்றிலும் பெரிய தேசம், வியாபாரத்தின் குரல்வளையில் ஒரு விரல், கடைசியில் பிரதிநிதிகளின் வாக்கு. நமக்குப் பழக்கப்பட்ட கதைதான்.

எங்கள் பக்கத்து யோக்யதையும் இதில் உசத்தியில்லை. நமது அரசியல் நிர்ணய சபையைத் தேர்ந்தெடுத்தவர்கள் மாகாண சட்டசபை உறுப்பினர்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள், 1935 சட்டத்தின்படி சொத்தும் படிப்பும் பார்த்து ஓட்டுரிமை தரப்பட்ட ஒரு சிறுபான்மை. பெரிய முதலியார்சாவடியில் வலை இழுத்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சிறுபான்மையில் இடம் இருந்திருக்கும்?

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பிறகும், ‘கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்’ என்ற வாக்கியத்தை என்னால் விழுங்க முடியவில்லை. காரணம் சித்தாந்தம் எதுவும் இல்லை, என் அத்தை. 1953-ல் அவளை முத்தியால்பேட்டையில் கொடுத்தார்கள். சீர்வரிசையைச் சுங்கச்சாவடியில் பிரித்துப் பார்த்த கதையை வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். அவள் மட்டும் வேறொன்று சொல்வாள். நிச்சயத்தின்போது யாரோ ஒரு பெரியவர், “பொண்ணைக் கேட்டீங்களா?” என்றாராம். தாத்தா, “கேக்கறதுக்கு என்ன, அவளுக்குச் சம்மதந்தான்” என்றாராம். அவள் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறாள். மாமா தங்கமான மனிதர், நன்றாகவே வாழ்ந்தாள். “கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். கேக்கலையே” என்பாள். குறையாகச் சொன்ன மாதிரிகூட இருக்காது.

அந்தக் ‘கேக்கலையே’யில் என்ன பறிபோயிருக்கிறது? முடிவு மாறவில்லை, நஷ்டமும் இல்லை. ஊகிக்கப்பட்ட சம்மதம் ஊகித்தவனுடைய சொத்து, அவ்வளவுதான். ‘சரி’ என்று அவள் சொல்லியிருந்தால் அந்தக் கல்யாணம் அவள் செய்த காரியமாக இருந்திருக்கும். கேள்வி கேள்வியாக இருப்பதற்கு ‘முடியாது’ என்ற பதிலுக்கும் அதில் இடம் இருக்க வேண்டும். அதனால்தான் கீழூரின் 170 பேரைவிட அந்த எட்டுப் பேரைப் பற்றியே நான் அதிகம் யோசிக்கிறேன். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அங்கிருந்திருந்தால் மற்றவர்களோடுதான் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் அந்த எட்டு இல்லாவிட்டால் கீழூர் ஒரு பஜனை. 178-க்கு 178 என்று வந்திருந்தால், கேட்டார்கள் என்பதற்கு என்ன சாட்சி இருந்திருக்கும்?

கேட்காமல் விட்டது ஒரு கடன் என்பது ஒப்பந்தம் எழுதியவர்களுக்கே உறைத்திருக்கிறது போல. 1956 ஒப்பந்தத்தின் 2-வது ஷரத்து, இந்தப் பிரதேசங்களின் விசேஷ நிர்வாக அந்தஸ்தில் பிற்பாடு மாறுதல் செய்வதானால் மக்களின் விருப்பத்தை அறிந்தே செய்ய வேண்டும் என்கிறது. கடன் பத்திரம் என்று இதை நான் வாசிக்கிறேன். எப்படித் திருப்பித் தருகிறார்கள்? தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேரோடு மத்திய அரசு மூன்று பேர் வரை நியமிக்கலாம் என்று 1963-ம் வருஷத்துச் சட்டம். மாநில அரசைக் கலக்காமலே நியமிக்கலாம், பட்ஜெட்டிலும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும் அவர்கள் வாக்களிக்கலாம் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம். 2021 பிப்ரவரி 22 அன்று, ராஜினாமாக்களால் ஏற்கெனவே இளைத்துப் போயிருந்த நாராயணசாமி அரசு சபையில் விழுந்தபோது, ஆளும் தரப்பில் சபாநாயகரையும் சேர்த்து 12 பேர், எதிர்த்தரப்பில் 14. அந்த 14-ல் மூவர் நியமனம். அந்த அரசு நல்ல அரசா என்பது வேறு பேச்சு. நீதிமன்றம் சட்டத்தை வாசித்தது. சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. யாரும் கேட்டு அனுப்பாத மூன்று பேரின் கை, கேட்டு அனுப்பப்பட்டவர்களின் கையோடு சம எடையில் உயர்வதற்கு அந்தச் சட்டத்தில் தடையில்லை.

1979 ஜனவரியில், புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு சேர்த்துவிடலாம் என்று பிரதமர் மொரார்ஜி தேசாய் பேசியதற்கு ஊர் கொந்தளித்தது. அப்போது அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். எனக்கு அந்தக் கொந்தளிப்பு புரியவில்லை. “சேர்ந்துட்டா உனக்குப் பொறந்த வீடும் புகுந்த வீடும் ஒண்ணாயிடுமே அத்தே, நல்லதுதானே” என்றேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆவட்டும். கேட்டுட்டு ஆவட்டும்” என்றாள்.

கடைகள் அடைத்திருந்தன. பஸ் இல்லை. கோட்டக்குப்பம் வழியாக நடந்தே ஊர் திரும்பினேன்.