கடைசி வரி

நரிக்குடிப் பக்கம் ஐப்பசி முடிந்தும் கண்மாய் நிறையாவிட்டால் வீட்டு ஜெபம் நீண்டுவிடும். மழை, மிளகாய்க்கு நல்ல விலை, மகனுக்கு வேலை, மகளுக்கு வரன். எல்லாம் கேட்டு முடித்து, போகிற போக்கில் கடைசியாக ஒரு வரி: "உமது விருப்பப்படியே ஆகட்டும், ஆண்டவரே." அதைச் சொல்லும்போதே கை பாயைச் சுருட்டத் தொடங்கியிருக்கும். என் ஜெபமும் அப்படித்தான்.

நமக்குக் கிழக்கே, இதே வானம் பார்த்த சீமையில் இருக்கிறது ஓரியூர். நாம் அருளானந்தர் என்றழைக்கும் ஜான் டி பிரிட்டோ 1647இல் லிஸ்பனில் பிறந்தவர். அரண்மனையில் இளவரசர் பெத்ரோவோடு வளர்ந்தவர். மறவர் சீமையில் காவி உடுத்தி, மரக்கறி உண்டு, ஊர் ஊராக நடந்தார். 1686இல் பிடித்து வதைத்தார்கள். இங்கே இனிப் போதிக்காதே என்று விரட்டினார்கள். லிஸ்பன் திரும்பினார். பழைய தோழர் இப்போது மன்னர். இங்கேயே தங்கி என் மகனுக்குக் கல்வி சொல்லிக்கொடும் என்று கேட்டார். அதில் என்ன பாவம்? ஒன்றுமில்லை. தாய்நாடு, நட்பு, மரியாதை, எல்லாமே நல்லவை. கெட்டதை விடுவதைவிட நல்லதை விடுவதுதான் கடினம். ஆண்டவர் விருப்பமே முதல் என்று அவர் மறவர் சீமைக்கே மறுபடி கப்பலேறினார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது.

அவ்வளவு தூரம் நம்மிடம் யாரும் கேட்கவில்லை. இன்றிரவு அந்தக் கடைசி வரியை முதலில் சொல்லிப் பாருங்கள். மிளகாய் விலையைப் பிறகு கேட்கலாம்.