சரோவுக்காக அழுத நாங்கள்

கற்பனைப் பாத்திரம் ஒன்றுக்காக மனிதர் கண்ணீர் விடுவது நல்ல குணமா, அல்லது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் ஒரு பழக்கமா? இந்தக் கேள்வி இருபது வருடங்களாக என்னை விட்டுப் போகவில்லை. அதற்குக் காரணமானவள் 'மெட்டி ஒலி'யின் சரோ.

சன் தொலைக்காட்சியில் 2002 முதல் 2005 வரை 800க்கும் மேற்பட்ட பகுதிகளாக ஒளிபரப்பான அந்தத் தொடரை வாசகர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். திருமுருகன் இயக்கியது. சிதம்பரம் என்ற தகப்பனும் அவருடைய ஐந்து பெண்பிள்ளைகளும் அவர்கள் வாழ்க்கைப்பட்ட வீடுகளுமே கதை. அந்த ஐவரில் ஒருத்தி சரோஜா என்ற சரோ. காயத்ரி சாஸ்திரி நடித்திருந்தார். தாய் சொல்லைத் தட்டாத கணவன் மாணிக்கமாகச் சேத்தன்; மாமியாராகச் சாந்தி வில்லியம்ஸ். மாமியாரின் கொடுமையையும் கணவனின் கையோங்கலையும் வாய் திறவாமல் தாங்குபவள் சரோ.

தென்மராட்சியில் எங்கள் கிராமம். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் இடம்பெயர்ந்து, 2002இன் போர்நிறுத்தத்துக்குப் பிறகு திரும்பி வந்து, உடைந்த சுவர்களுக்கு மேல் தகரம் போட்டுக் குடியிருந்த காலம். எங்கள் ஒழுங்கையில் டிஷ் பூட்டிய வீடு ஒன்றுதான். பின்னேரமானால் ஜெனரேட்டர் சத்தம் கேட்கும். பாயோடும் பிள்ளைகளோடும் சனம் போய்ச் சேரும். நானும் போவேன். அப்போதுதான் ஆசிரியத் தொழிலில் சேர்ந்திருந்தேன். 'மாஸ்டர்' என்று கதிரை போட்டுத் தருவார்கள்.

சரோ அடிவாங்கும் இரவுகளில் அந்த முற்றமே அழும். என் அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொள்வார். எனக்கும் தொண்டை அடைக்கும். எல்லோரும் நல்ல மனிதர்களாக இருக்கிறோம் என்ற ஒரு நிறைவோடு வீடு திரும்புவோம்.

எங்களுக்குப் பக்கத்து வளவில் ஓர் இளம் குடும்பம் இருந்தது. அவர்களுடைய மகன் என் வகுப்பில், முதலாம் ஆண்டில் படித்தான். காலையில் மேசையில் தலை வைத்து நித்திரை கொள்வான். நான் இரண்டொரு தடவை ஏசியுமிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் தாயும் தொடர் பார்க்க வருவாள். அதிகம் கதைக்கமாட்டாள். கதைத்தால் சரோவைப் பற்றி மட்டும்தான். ஒருநாள் என்னிடம் கேட்டாள்:

"ஏன் மாஸ்டர், சரோ இதுகளைத் தகப்பனிட்டைச் சொல்லேல்லை? சொன்னால் அந்தாள் கூட்டிக்கொண்டு போவாரோ, இல்லாட்டித் திருப்பி அனுப்புவாரோ?"

நான் சொன்னேன்: "சொன்னால் கதை முடிஞ்சு போயிடுமல்லோ, பிள்ளை!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அடுத்த வருடம் தை மாதம், மகனுக்கு விடுகைப் பத்திரம் எடுக்கப் பாடசாலைக்கு வந்தாள். தாய் வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னாள். இடக்கை மணிக்கட்டு கோணலாகப் பொருந்தியிருந்தது. புறப்படும்போது, "தாய் வீட்டில ரீவி இல்லை. சரோவுக்கு இப்ப என்ன நடக்குது, மாஸ்டர்?" என்றாள். நான் அப்போதும் கதையைத்தான் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். "அப்ப அவ இன்னும் அதே பாடுதான் படுகிறா, என்ன?" என்று சொல்லிவிட்டு மகனின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

அன்றிரவுதான் எனக்கு விளங்கியது. எங்களிரு வளவுக்கும் இடையில் இருந்தது ஒரு கிடுகு வேலி மட்டும். கேட்காத சத்தமென்று எதுவுமில்லை. 'குடும்பத்துக்குள்ளை இருக்கிறதுதானே' என்று நாங்கள் திரும்பிப் படுத்த இரவுகள் அவை. மகன் ஏன் வகுப்பில் தூங்கினான் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

பின்னர் கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் பயிற்சி பெற்றபோது, கல்வி உளவியல் பாடத்துக்காக வில்லியம் ஜேம்ஸைப் படித்தேன். 1890இல் வெளிவந்த தமது உளவியல் நூலில் அவர் ஒரு ரஷ்யச் சீமாட்டியைக் குறிப்பிடுகிறார். நாடகக் கொட்டகையின் உள்ளே அவள் கற்பனை மாந்தருக்காக அழுகிறாள். வெளியே அவளுடைய வண்டிக்காரன் இருந்த இடத்திலேயே குளிரில் விறைத்துச் சாகிறான். செயலாக மாறாத உணர்ச்சி மனிதனைக் கெடுத்துவிடும் என்பது ஜேம்ஸின் கருத்து. அவருக்குப் பதினைந்து நூற்றாண்டுகள் முந்திய அகுஸ்தீனும், சிறுவயதில் காவியத்தின் டைடோவுக்காகத் தான் அழுததை எண்ணி வெட்கப்பட்டிருக்கிறார். நாடகத்தின் துயரம் பார்ப்பவனை உதவிக்கு அழைப்பதில்லை, வருந்த மட்டுமே அழைக்கிறது என்பது அவரது குற்றச்சாட்டு.

இருவரும் என்னைப் பற்றியே எழுதியதுபோல் இருந்தது. ஆனாலும் அவர்களோடு முழுமையாக உடன்பட என்னால் முடியவில்லை. அவர்கள் பார்வையாளனின் கண்ணீரை மட்டுமே எடைபோடுகிறார்கள். அந்த முற்றத்தில் அழாமல் கேள்வி கேட்ட ஒருத்தி இருந்தாளே, அவளுக்குச் சரோ யார்?

இதற்கு விடை எனக்கு நம்முடைய பழைய அக மரபிலே கிடைத்தது. சங்கப் பாடல்களின் அடிக்குறிப்புகளில் 'சிறைப்புறம்' என்றொரு துறை வரும். தலைவன் வேலிக்கு அப்பால் மறைந்து நிற்பான். தோழி தலைவியோடு கதைப்பதுபோலக் கதைப்பாள். சொல்லப்படுவது ஒருத்திக்கு, கேட்கவேண்டியவன் வேலிப்புறத்தே நிற்பவன். நேரே சொல்லமுடியாததைச் சொல்ல நம் முன்னோர் கண்டுபிடித்த வழி அது. வருடாவருடம் உயர்தர மாணவருக்கு இதை விளக்கிப் புள்ளியும் போடுபவன் நான்.

வீட்டு விடயம் படலை தாண்டக்கூடாது என்று வளர்க்கப்பட்ட ஒரு பெண், 'என்னை அடிக்கிறார்கள்' என்று சபையில் சொல்லமாட்டாள். 'சரோவை அடிக்கிறார்கள்' என்று சொல்லலாம். தன் வீட்டு மானமும் போகாது, சொல்லும் சொல்லியாயிற்று. அவள் சரோவின் பெயரில் எங்களுக்கு ஒரு விண்ணப்பம் வைத்தாள். நான் அதற்கு விமர்சனம் சொன்னேன்.

இதைக்கொண்டு தொடர்களைப் புகழ்வதாக நினைக்கவேண்டாம். பொறுமையே பெண்ணுக்கு அணி என்பதைத்தான் அவற்றுள் பல நாள்தோறும் ஓதின. சரோ பொறுத்தால்தான் தொடர் ஓடும். தொடர் ஓடினால்தான் விளம்பரம் வரும். என் நகைச்சுவையில் அந்த அளவுக்கு உண்மை இருந்தது. சரோவைப் பார்த்து வாழப் பழகியிருந்தால் அந்தத் தாய் இன்னும் அந்த வளவிலேயே இருந்திருப்பாள். அவள் போனது தன் துணிவில். சரோ அவளுக்கு வழிகாட்டி அல்ல, வாய்.

தொடர் முடிந்த அதே 2005இல்தான் இலங்கையில் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. பாதிக்கப்பட்டவரோ, அவர் சார்பில் ஒரு பொலிஸ் அலுவலரோ நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். நல்ல சட்டம். ஆனால் சட்டத்துக்கு நேர்ச்சொல் வேண்டும். அது சிறைப்புறமாகச் சொன்னதைக் கேட்காது. அதைக் கேட்கவேண்டியவர்கள் அயலவர்கள், உறவினர்கள், ஆசிரியர்கள்.

கொரோனாக் காலத்தில், 2020இல், 'மெட்டி ஒலி' மறுபடியும் ஒளிபரப்பானது. என் மகள் பார்த்துக்கொண்டிருந்தவள், "ஏனப்பா இவ தகப்பனிட்டைச் சொல்லேல்லை?" என்றாள். பழைய கேள்வி. இம்முறை தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "நீயெண்டால் சொல்லுவியோ, பிள்ளை?" என்று கேட்டேன். அவள் உடனே பதில் சொல்லவில்லை, கொஞ்சம் யோசித்தாள். அந்த யோசனையைப் பார்த்தபோது, தகப்பனாக நான் செய்யவேண்டியது இன்னும் கிடக்கிறதென்று விளங்கியது.

இப்போதெல்லாம் பெற்றோர் எவரேனும் ஒரு தொடரின் பெண்ணைப் பற்றிக் கதைத்தால், உடனே பதில் சொல்லாமல், "ஏன் கேக்கிறியள்?" என்று திருப்பிக் கேட்கிறேன். பத்துக்கு ஒன்பது தடவை அது வெறும் தொடர்க் கதைதான். சிரித்துவிட்டுப் போவார்கள். என்னை வேலையற்றவன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. மிச்சமுள்ள அந்த ஒரு தடவைக்காகத்தான் கேட்கிறேன்.